கிராஜுவேட் குடை மடக்குமா?

ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அகராதி சொல்லும். எங்கள் தோட்டத்தில் அர்த்தத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அது என்ன வேலை செய்யும் என்றுதான் கேட்பார்கள். மண்வெட்டி வெட்டும், கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணும், கங்காணி திட்டுவார். சரி, கிராஜுவேட் என்ன செய்யும்? பேராதனையில் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோட்டோரக் கானுக்குள், புதுச் சேலையோடு இடுப்பளவு சேற்றில் நின்றபோதுதான் தெரிந்தது. (கான் என்றால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய பள்ளம். பாட்டு, கச்சேரி என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள்.)

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்குக் கொஞ்சக் காலம் முந்திய கதை இது. எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதுவும் பெண்பிள்ளை. பரீட்சை முடிவு வந்த அன்றைக்கே அப்பா பெரிய கிளாக்கரிடம் ஓடியிருக்கிறார்.

"ஐயா, எம் மக பாக்கியம் படிச்சு முடிச்சிருச்சுங்க. இதுக்கு இங்கிலீசுல என்னாங்க பேரு?"

"கிராஜுவேட்" என்று சொல்லிவிட்டுக் கிளாக்கர் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அர்த்தத்தையும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோரு என்போம். கொழுந்து அரைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. அன்றைக்கு மாலையே எங்கள் வரிசை வீடுகளான மேல் லயம், கீழ் லயம், கோவிலடி, கூப்பன் கடை எல்லா இடத்திலும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டிலோ கேட்கவே வேண்டாம். "கிராஜுவேட் எந்திரிச்சிருச்சா?" "கிராஜுவேட்டுக்கு இன்னொரு ரொட்டி போடு." "ஏய், சத்தம் போடாத, கிராஜுவேட்டுக்குப் பல்லு வலி."

அம்மாவுக்கு எரிச்சல். "பாக்கியம்னு நான் பேரு வெச்சேன். இவரு எடையில வந்து பேர மாத்துறாரு" என்று முறைப்பார். ஆனால் தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும்போது மற்ற பெண்களிடம், "எங்க வீட்ல ஒரு கிராஜுவேட்டு இருக்குறதால ரேடியாவ மெதுவாத்தான் வெக்க முடியுது" என்று பெருமூச்சு விடுவாராம். எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வாரமாக வாசலில் கதிரை போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். படித்தேனா என்று கேட்காதீர்கள். தலையை நிமிர்த்தி மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எழுத்து எங்கே தெரியும்?

முதலில் வந்தது அடுத்த காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த அறையில், குடியிருந்த செல்லம்மாக்கா. இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை, அதற்கு எந்நேரமும் சளி.

"தங்கச்சி, கிராஜுவேட்டுன்னா ஊசி போடுமா?"

"இல்லக்கா, அது டாக்டர்."

"கோர்ட்டுல கேஸ் பேசுமா?"

"அது வக்கீல்."

"அப்பக் கடுதாசி எழுதுமா?"

"எழுதுவேன்."

"அதுதான் கங்காணி மகன் எட்டாம் வகுப்புப் படிச்சிட்டே எழுதுறானே. கிராஜுவேட்டு என்னாதான் செய்யும்?"

நான் புத்தகத்தை மூடினேன். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு, "கிராஜுவேட் என்றால் படிப்பை நிறைவு செய்தவர்" என்றேன். லயத்து வாசலில் நின்று அப்படிச் செந்தமிழ் பேசிய முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

"அது சரி. நெறவு செஞ்சாச்சு. அப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஊவா மாகாணத்துக்கு மழை கொண்டுவரும் வடகீழ்ப் பருவக்காற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானவள் நான். அதையாவது சொல்லுவோமே என்று காற்று எங்கே கிளம்புகிறது, எந்த மலையில் முட்டுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே மழை கொட்டத் தொடங்கியது. "மழைக்கி அறிகுறி தெரிஞ்சா உடுப்பையாச்சும் எடுத்திருக்கலாம்ல" என்று சொல்லிக்கொண்டே செல்லம்மாக்கா கொடியில் காய்ந்த துணிகளை அள்ள ஓடினார். நனைந்ததில் பாதி என் துணி.

இதெல்லாம் சில்லறை அவமானம். பெரியது சனிக்கிழமை வந்தது.

அன்றைக்கு அப்பா லயம் முழுக்க டொபி மிட்டாய் கொடுத்தார். கணக்கப்பிள்ளையும் வந்தார். மலையில் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம் அவருக்கு. தோட்டத்துச் சட்டமெல்லாம் தன் வாயில்தான் பிறந்தது என்கிற நினைப்பு. இரண்டு டொபியை எடுத்து ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு, மற்றதை வாயில் போட்டு, கன்னத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"எல்லாஞ் சரி. ரோட்டுல தொரை வந்தா கிராஜுவேட்டு குடைய என்னா செய்யும்?"

டொபி மென்ற வாயெல்லாம் நின்றுவிட்டது. தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது என்று புரியாது. எங்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. தோட்டத்துரையின் ஜீப் ரோட்டில் வந்தால் எதிரே வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி குடையை முழுதாக மடக்கி, ரோட்டை விட்டு இறங்கிக் கானோரமாக நிற்க வேண்டும். கங்காணி மடக்க வேண்டும், ஆனால் ரோட்டிலேயே நிற்கலாம். கணக்கப்பிள்ளை மடக்க வேண்டியதில்லை, பின்னால் சாய்த்தால் போதும். கிளாக்கர் குடையை நேராகவே பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சலாம் போடலாம். இந்த ஏணியில் கிராஜுவேட் எந்தப் படி? யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு பிராணி அதுவரைக்கும் அந்த ரோட்டில் நடந்ததில்லை.

சிரிப்பாக இருக்கும். ஆனால் மழைக்காலத்துக் காலையில், மலைக்குப் போகும் முன்னால் கைக்குழந்தைகளைப் புள்ளமடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டிய பெண்கள் அதே ரோட்டில்தான் நடப்பார்கள். ஜீப் வரும். குடை மடங்கும். குழந்தை நனையும். செல்லம்மாக்காவின் பிள்ளைக்குச் சளி ஏன் விடவில்லை என்று கேட்க டாக்டர் தேவையில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா டொபித் தகரத்தைக் கீழே வைத்தார். ஸ்டோர்க் குரலில், "எம் மக மடக்காது" என்றார்.

"மடக்கலேன்னா ஒனக்குப் பத்துச்சீட்டு" என்றார் கணக்கப்பிள்ளை. பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்தி எழுதிக் கொடுப்பது. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். "சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எங்க போவ? ஸ்பிரிங்வெளியில ஒன் தம்பி வீட்டுக்கா?"

"மடக்குனா?" என்று கேட்டார் அம்மா.

"மடக்குனா அதுவும் ஒங்கள மாதிரித்தான். எதுக்கு இத்தன வருசம் படிச்சிச்சு?" என்றார் கணக்கப்பிள்ளை.

நியாயமான கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, "மடக்க மாட்டேன்" என்றேன். கூடவே, "இது மனித உரிமை" என்றும் சொன்னதாக ஞாபகம். கைதட்டல் கிளம்பியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் கையைத்தான் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பேராதனையில் முதல் வருஷம், ஒரு மழை நாளில் தோழிகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் விரிவுரையாளர் ஒருவரின் கார் ஹார்ன் அடித்தது. மறு நொடி என் குடை மடங்கிவிட்டது, நான் ரோட்டை விட்டு இறங்கிச் செடிகளுக்குள் நின்றேன். தோழிகள் திகைத்துப் பார்க்க, "இந்தப் பூ என்ன பூ என்று பார்த்தேன்" என்று சமாளித்தேன். அது பூக்கிற செடியே இல்லை. அடுத்த மழையிலும் அப்படித்தான். கடைசி வருஷம் வரைக்கும் பூ பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தலைக்குத்தான் பட்டம் கிடைத்திருந்தது. கை இன்னும் தோட்டத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவரோ அன்றைக்கே என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனார், குடை வாங்க. பஜாரில் அவருக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. நான் பூப்போட்ட சின்னக் குடை ஒன்றை எடுத்தேன்.

"மகள் கிராஜுவேட்டா? மாஷா அல்லாஹ்" என்ற முதலாளி, என் கையிலிருந்த குடையை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். "அப்ப இது சரிவராது. அந்தஸ்துக்குத் தக்கது வேணும்." உள்ளே போய்க் கறுப்பில் ஒன்று கொண்டுவந்தார். அதை விரித்ததும் கடைக்குள் இருட்டாகிவிட்டது. "புயல் வந்தாலும் இது அசையாது" என்றார். உண்மைதான், குடை அசையாது. பிடித்திருக்கும் ஆளைத்தான் தூக்கிக்கொண்டு போகும்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிவாக்கில் துரை கிளப்புக்குப் போவார். அந்த நேரத்துக்கு நான் ஸ்டோர் ரோட்டு வளைவில் நடந்து வர வேண்டும் என்று ஏற்பாடு. ரகசியமாகத்தான் வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் தோட்டமே அங்கே இருந்தது. ஒருவர் ஆட்டை மேய்த்தார். அந்த இடத்தில் புல்லே கிடையாது. நாலைந்து பேர் விறகு பொறுக்கினார்கள், பொறுக்கின விறகையே போட்டுப் போட்டுத் திரும்பப் பொறுக்கினார்கள். ஒரு பெண் தன் மகளை உட்கார வைத்துப் பேன் பார்த்தார். சவுக்கு மரத்தடியில் கணக்கப்பிள்ளை மத்தியஸ்தர் மாதிரி நின்றார்.

நான் அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டி, கொண்டை போட்டு, அந்தக் கறுப்புக் கூடாரத்தை விரித்துக்கொண்டு வந்தேன். வெயில் பளீரென்று அடித்தது.

"மழ இல்லாட்டி கணக்குல சேராது" என்றார் கணக்கப்பிள்ளை.

"வெயிலுக்கும்தான குடை புடிக்கிறோம்?" என்று அப்பா எகிறினார்.

"சட்டம் மழைக்குத்தான்."

இருவரும் வாக்குவாதப்பட, ஆடு மேய்த்தவர் அப்பா கட்சியிலும் விறகு பொறுக்கினவர்கள் கணக்கப்பிள்ளை கட்சியிலும் சேர்ந்தார்கள். யாரோ, "கிராஜுவேட்டு மழையப் பத்தித்தான படிச்சிச்சு, அதையே கேளுங்க, எப்ப வரும்னு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தை ஆராய்ந்து, கண்ணைச் சுருக்கி, "இன்றைக்கு மழை வர வாய்ப்பில்லை" என்று அறிவித்தேன்.

வாயை மூடுவதற்குள் கொட்டியது. சும்மா இல்லை, மலையே கரைந்து வருகிற மாதிரி மழை, கூடவே காற்று. எனக்கு அந்தக் காற்றின் பெயர், பிறந்த ஊர், போகும் பாதை எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? குடையைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு நானே பல தடவை விசாரித்திருக்கிறேன். முதலில் குடை பின்னால் சாய்ந்தது. நான் சாய்க்கவில்லை, கை சாய்த்தது. "ஆகா, கணக்கப்பிள்ளை படி" என்றது ஒரு குரல். அம்மா தொண்டையைச் செருமினார். நிமிர்த்தினேன். ஜீப் வளைவில் திரும்பியது. குடை பாதி மடங்கியது. "கங்காணிக்கி எறங்கிருச்சு" என்றது அதே குரல். அப்பா ஸ்டோர்க் குரலில் ஒரு இருமல் இருமினார். படாரென்று விரித்தேன். விரித்த வேகத்தில் இடது கை தானாக நெற்றிக்குப் போய்க் கிளாக்கர் சலாம் ஒன்று போட்டது. சரி, கிளாக்கராகவாவது நின்றுவிடுவோம் என்று மனசைத் தேற்றினேன். ஆனால் கையைக் கவனித்த நேரத்தில் காலைக் கவனிக்க மறந்துபோனேன். அது சின்ன வயதிலிருந்து கற்ற பாடத்தின்படி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது.

கான் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பு வரைக்கும் போனேன். காற்று குடையைப் பிடுங்கியது. அது எழும்பி, ரோட்டில் ஒரு தரம் குதித்து, நேரே போய் ஜீப்பின் முன் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஜீப் வழுக்கி, குறுக்கே திரும்பி, என்னிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

அவ்வளவுதான், அப்பாவின் வேலை போச்சு என்று நினைத்தேன். காம்பரா போச்சு. ஒரு கிராஜுவேட்டால் குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்போகிறது.

துரை கதவைத் திறந்து குதித்தார். கிளப்புக்காக வெள்ளைவெளேரென்று உடுத்தியிருந்தார். ஓடிவந்து, "அடிபட்டுவிட்டதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"ஐ ஆம் எ கிராஜுவேட்."

"சந்தோஷம். அடிபட்டுவிட்டதா?"

"கிராஜுவேட், சார்."

"புரிகிறது. கால் அசைகிறதா?"

"ஐ ஆம் எ கிராஜுவேட்" என்றேன் மறுபடியும், அழுதுகொண்டே.

இவளிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பிப் போய் ஜீப்பிலிருந்து குடையைப் பிய்த்தெடுத்தார். இரண்டு கம்பி வளைந்திருந்தது, மற்றபடி நல்ல குடைதான். வலது கையை எனக்கு நீட்டினார். இடது கையால் குடையை என் தலைக்கு மேலே பிடித்தார். நான் அவர் கையைப் பிடித்து, வழுக்கி, திரும்ப வழுக்கி, ஒரு வழியாக ரோட்டுக்கு ஏறினேன். நான் ஏறி நின்று, சேலையை ஒதுக்கி, மூச்சு வாங்கும் வரைக்கும் அவர் குடையை எடுக்கவில்லை. குடைக்குள் நான் நின்றேன். குடைக்கு வெளியே, தலை நனைந்து, வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டி, தோட்டத்துத் துரை நின்றார்.

ஆடு கூடக் கத்தவில்லை.

சவுக்கு மரத்தடியில் கணக்கப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. துரை ரோட்டில் நிற்கிறார், வாகனத்தில் இல்லை. நனைகிறார், குடையும் பிடிக்கிறார். இதற்குச் சட்டத்தில் இடமில்லை. பதற்றத்தில் தன் குடையை முழுதாக மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கி நின்றார். செல்லம்மாக்கா அடக்க மாட்டாமல் அம்மாவிடம் கேட்டார்.

"அக்கா, கணக்கப்பிள்ளை யாருக்கு மடக்குறாரு? தொரைக்கா, குடைக்குள்ள நிக்கிற நம்ம புள்ளைக்கா?"

அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அப்போது தெரியவில்லை. துரை குடையை என் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு பங்களாவுக்கே போனார். அந்தக் கோலத்தில் கிளப்புக்கு எப்படிப் போவார்?

சிரிப்பெல்லாம் சாயங்காலத்தோடு தீர்ந்தது. மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடத்தில், அப்பாவின் பெயரைச் சொல்லி, "ஒன்னத் தொரை ஆபீசுக்கு வரச் சொன்னாரு" என்றார் கணக்கப்பிள்ளை. முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சட்டி பானையைப் பார்த்தார். நான் வாய்விட்டு அழுதேன். "என்னாலதான் அப்பா" என்றேன்.

"சும்மா இரு. பத்துச்சீட்டு குடுத்தா குடுக்கட்டும்" என்றார் அப்பா. "தொரை எம் மகளுக்குக் குடை புடிச்சத இந்தத் தோட்டமே பாத்திருக்கு. அதத் திருப்பி எடுக்க முடியுமா?" ஆனால் கழற்றிய தலைப்பாகையை மூன்று தரம் மடித்து மூன்று தரம் பிரித்தார்.

நானும் கூடப் போனேன். தொழிலாளி ஆபீசுக்குள் போவதில்லை. வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றுதான் பேச வேண்டும். அன்றைக்கும் மழை. அப்பா தன் பழைய குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி, புண்பட்ட கறுப்புக் குடையோடு, அதை விரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

துரை ஜன்னலுக்கு வந்தார். துரைமார் பேசுகிற தமிழில் ஆளும் மாடும் ஒன்றுதான்.

"ஒன் மக சுகமா இருக்கிறது?"

"இருக்குதுங்க தொரை."

"அது என்னா படிச்சது?"

"கிராஜுவேட்டுங்க."

"அது தெரியும். கானுக்குள்ளேருந்து மூணு தரம் சொன்னது."

மழை அப்பாவின் நெற்றியில் விழுந்து, மூக்கு வழியாக ஒழுகி, சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. துரை அதையே பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்த குடையைப் பார்த்தார்.

"ஏன் நனையிறது? அது குடைதானே?"

"ஆமாங்க."

"அப்பப் புடி."

அப்பா கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "புடிக்கலாங்களா?"

துரையும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். நேற்று முழுக்க அவர் எதையோ யோசித்திருக்க வேண்டும். எத்தனை வருஷமாக அவர் ஜீப்புக்கு முன்னால் எத்தனை குடை மடங்கியிருக்கும்? அவர் முகம் கொஞ்சம் சிவந்தது.

"மழ பெய்யிறது. மனுசன் குடை புடிக்கிறது. இதுக்கு யார்கிட்ட கேக்கிறது? புடி."

ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால், துரையின் கண்ணெதிரே, அப்பா குடையை விரித்தார். பொத்தல் விழுந்த குடை. ஆனால் அதை விட அழகான குடையை நான் பார்த்ததில்லை. பத்துச்சீட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அப்பா நேரே வேலைக்குப் போகவில்லை. மேல் லயம், கீழ் லயம் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார். வழியில் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. அவர் குடையை இறக்கவே இல்லை.

ஆனாலும் ரோட்டில் பார்த்தால்தானே நிச்சயம்? அடுத்த நாள் விடிகாலை நல்ல மழை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புள்ளமடுவத்துக்குப் புறப்பட்டார்கள். கைக்குழந்தை இல்லாத அம்மா அன்றைக்கு முன்னால் நடந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, காலாற" என்றார். நானும் பின்னால் போனேன்.

வளைவில் ஜீப் வந்தது. கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில், "குடை, குடை" என்று கத்தினார்.

அம்மா நிற்கக்கூட இல்லை. "புடிச்சிட்டுத்தான் இருக்கோம்" என்றார். "தொரையே சொல்லிட்டாரு. இனிமே ஒங்களுக்கு யாரு வந்து சொல்லணும்?"

ஒரு குடையும் மடங்கவில்லை. கறுப்பு, பூப்போட்டது, ஒட்டுப்போட்டது, கம்பி நீட்டினது என்று வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஜீப் வேகத்தைக் குறைத்து, சேறு தெறிக்காமல் ஒதுங்கிப் போனது. என் கை? அதுவும் விரித்தபடியே இருந்தது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று மற்றக் கையால் அதை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

ஜீப் போன பிறகு பார்த்தால் கணக்கப்பிள்ளை மட்டும் தன் குடையைப் பின்னால் சாய்த்தபடி நனைந்துகொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே அதை நிமிர்த்திக்கொண்டார். பாவம், அவரும் எத்தனை வருஷம் நனைந்தாரோ.

செல்லம்மாக்கா பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. என்னிடம் திரும்பி, "இப்பத் தெரிஞ்சிருச்சு தங்கச்சி, கிராஜுவேட்டு என்னா செய்யும்னு" என்றார்.

"என்னா செய்யும்?"

"கானுக்குள்ள விழும். புள்ளைங்க நனையாது."

பிறகு நான் ஆசிரியையாகி, எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. படிப்பை முடித்தவரைப் பற்றி எங்கள் வீட்டில், "கானுக்குள்ள விழுந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அப்பா ஒரு தடவை, "பையன் கானுக்குள்ள விழுந்தவருங்களா?" என்று விசாரித்து, அவர்கள் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள்.

போன வருஷம் என் தம்பியின் மகள் கொழும்பிலிருந்து போன் பண்ணினாள். பரீட்சை முடிவு வந்த நாள்.

"அத்தை, நானும் கானுக்குள்ள விழுந்துட்டேன்."

"யாருடி தூக்கிவிட்டது?"

"யாரும் தூக்கல. நானே ஏறிட்டேன்."

"அப்ப உனக்கு முதல் வகுப்புதான்" என்றேன்.